மீன்களுக்குப் பெயர் சூட்டிய டாக்டர்

பிரான்சிஸ் டே என்றால் சென்னை நகரம் நினைவுக்கு வரும். 1639-ம் ஆண்டு, கோட்டை கட்டுவதற்காகச் சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்த வெள்ளைக்காரர் அவர்.

இந்தக் கதை அவரைப் பற்றியது அல்ல.

அதே பெயரில் இன்னொரு வெள்ளைக்காரர் இருந்தார். 200 ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சென்னை ராஜதானிக்கு வந்தார். அவர் ஒரு டாக்டர். பட்டாளத்து டாக்டர்.

முதல் டே நிலத்தைப் பார்த்தார். இரண்டாவது டே தண்ணீரைப் பார்த்தார்!

நம் வாய்க்காலில், வயலில், ஏரியில், ஆற்றில் ஓடும் மீன்கள் எத்தனை வகை? எது எங்கே வாழ்கிறது? நம் ஜனங்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? இதை எல்லாம் ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதி வைத்தார். இன்றைக்கும் இந்திய மீன்களைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் முதலில் புரட்டும் புத்தகம் அவருடையதுதான்.

கடலூர் மாவட்டத்தில், சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், வளையமாதேவி என்று ஓர் ஊர் உண்டு. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய விவசாய ஊர். அந்த ஊர் வாய்க்காலில் கிடைக்கும் சின்ன மீனை வைத்தே, அதிகச் செலவு இல்லாமல், வீட்டில் அழகான மீன் தொட்டி அமைக்கலாம். அது எப்படி முடியும் என்பதற்கு விடை, இந்த டாக்டர் செய்த ஒரு சோதனையில் இருக்கிறது.

முதலில் அவர் கதையைப் பார்ப்போம்.

டார்வின் படித்த பள்ளிக்கூடம்

இங்கிலாந்தில் சசெக்ஸ் என்ற பகுதி. அங்கே மேர்ஸ்பீல்டு என்ற கிராமம். 1829-ம் ஆண்டு மார்ச் மாதம் 2-ந் தேதி பிரான்சிஸ் டே அங்கே பிறந்தார். நிலபுலன் உள்ள, வசதியான குடும்பம்.

ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் உள்ள பள்ளிக்கூடத்தில் படித்தார். பரிணாமக் கொள்கையைச் சொன்ன விஞ்ஞானி டார்வின், அவருக்கு முன்பு அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

பிறகு லண்டனில் டாக்டருக்குப் படித்தார். படிப்பு முடிந்தது. 1852-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

அந்தச் சமயம் பர்மாவில் சண்டை நடந்தது. அந்தச் சண்டையிலும் டாக்டராக வேலை பார்த்தார்.

பட்டாள டாக்டருக்கு ஓர் இடத்தில் இருப்பு கிடையாது. இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு வேறு ஊர். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே நாட்கள் ஓடும். பலருக்கு அது பெரிய தொல்லை. டேக்கு அது வரமாகப் போயிற்று. போன ஊரில் எல்லாம் அவர் கண் பறவைகள் மேலும் மீன்கள் மேலும் விழுந்தது.

கொச்சியில் பிடித்த பித்து

1857-ம் ஆண்டு விடுமுறையில் இங்கிலாந்து போனார். திருமணம் செய்துகொண்டார். திரும்பி வந்ததும் கொச்சியில் வேலை கிடைத்தது.

கொச்சி என்றால் கேட்க வேண்டுமா? ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் காயல். எங்கு பார்த்தாலும் ஆறு, தோடு, வாய்க்கால். காலையில் கடைத்தெருவுக்குப் போனால் கூடை கூடையாக மீன்.

அந்தக் கூடைகளுக்கு முன்னால்தான் டே மீன் பித்தர் ஆனார்!

சமையலுக்கு மீன் வாங்குகிறவர்கள் பெரிய மீனாகப் பார்த்து வாங்குவார்கள். டே பொடி மீனையும் விடமாட்டார். செதில்களை எண்ணுவார். துடுப்பில் உள்ள முட்களை எண்ணுவார். நிறத்தைக் குறிப்பார். பிறகு சாராயச் சத்து உள்ள ஜாடியில் போட்டுப் பத்திரப்படுத்துவார்.

கொச்சி நாட்டின் வரலாற்றைப் பற்றி 1863-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி இன்னொரு புத்தகம் வெளியிட்டார். இந்த இரண்டாவது புத்தகம் மீன் ஆராய்ச்சி உலகில் அவருக்கு இடம் தேடித் தந்தது.

கவர்னர் பெயர் பெற்ற மீன்

திருவிதாங்கூர் மலையில் முண்டக்கயம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓடும் ஆற்றில் ஓர் அழகான மீன் கிடைத்தது. ஒல்லியான வெள்ளி உடம்பு. மூக்கிலிருந்து பாதி உடம்பு வரை சிவப்புக் கோடு. அதன் கீழே வால் வரை கறுப்புக் கோடு. வாலில் கறுப்பும் மஞ்சளும்.

அதுவரை எந்த விஞ்ஞானியும் அதைப் பற்றி எழுதியது இல்லை. 1865-ம் ஆண்டு டே எழுதினார். அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார்.

100 ஆண்டுகளுக்கு மேல் அந்த மீனை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1990-களுக்குப் பிறகு அதற்கு யோகம் அடித்தது. கண்ணாடித் தொட்டி மீன் வியாபாரிகள் அதன் அழகைக் கண்டார்கள். மிஸ் கேரளா என்று செல்லப் பெயர் வைத்தார்கள். சிங்கப்பூர், ஐரோப்பா என்று பறந்தது.

அந்த யோகமே அதற்கு ஆபத்தாகவும் முடிந்தது. ஆற்றில் வலை போட்டு அள்ளி அள்ளி விற்றதால், அழியும் நிலையில் உள்ள மீன்களின் உலகப் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது.

அழகு எல்லோருக்கும் தெரிந்தால் மட்டும் போதாது. அளவும் தெரிய வேண்டும்.

ஊட்டிக்கு வந்த முட்டைகள்

டே வாழ்க்கையில் தோல்வியும் உண்டு.

நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு ஓர் ஆசை. இங்கிலாந்து ஓடைகளில் டிரவுட் என்ற மீன் கிடைக்கும். தூண்டில் போட்டுப் பிடிப்பது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. அந்த மீன் ஊட்டி ஓடைகளிலும் இருந்தால் எப்படி இருக்கும்!

1863-ம் ஆண்டு டே அதற்கு முயற்சி செய்தார். டிரவுட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அந்த முட்டைக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். கப்பலோ வெயில் கொளுத்தும் கடல் வழியே வரவேண்டும். முயற்சி பலிக்கவில்லை.

நீலகிரியில் டிரவுட் நிலைத்தது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்து, வில்சன் என்ற அதிகாரி அதைச் சாதித்தார். அதைப் பார்க்க டே உயிரோடு இல்லை.

மீனுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அதற்கு ஏற்ற தண்ணீர் வேண்டும். இந்தப் பாடத்தை வீட்டில் தொட்டி வைப்பவர்களும் மறக்கக் கூடாது.

அணை கட்டியவரின் கவலை

அடுத்து வந்த வேலைதான் அவரை இந்தியா முழுவதும் அலைய வைத்தது. அந்த வேலைக்கு விதை விழுந்தது நம் கொள்ளிடத்தில்.

1836-ம் ஆண்டு சர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். அணைக்கரை என்று சொல்கிறோமே, அதுதான். கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. கடலூர்ப் பக்கத்து வயல்கள் பச்சைப் பசேல் என்று இருப்பதற்கு அந்த அணை ஒரு முக்கியக் காரணம்.

மனிதனுக்கு நல்லது. மீனுக்கு?

உல்லம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீன் அதுவே. அது கடலில் வாழும். முட்டை இட மட்டும் ஆற்றில் ஏறி நெடுந்தூரம் போகும். குறுக்கே அணை வந்தால் என்ன செய்யும்? சுவரில் முட்டி நிற்கும். அங்கே காத்திருப்பவர்கள் அள்ளிக்கொள்வார்கள்.

அணைகளால் மீன் இனம் குறைகிறதே என்று கவலைப்பட்டு மேலிடத்துக்கு எழுதியவர் யார் தெரியுமா? அணை கட்டிய அதே ஆர்தர் காட்டன்தான்!

இதை விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது. ஆறு ஆறாகப் போனார். அணை அணையாகப் பார்த்தார். அணையில் மீன் ஏறிப் போக வழி விடவேண்டும் என்று வாதாடினார்.

1871-ம் ஆண்டு, இந்தியா முழுவதற்கும் மீன் துறைத் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

வயலில் வைத்த பொறி

டே ஒரு நல்ல காரியம் செய்தார். ஒவ்வொரு ஊர் அதிகாரிக்கும், தாசில்தாருக்கும் கேள்வித்தாள் போகச் செய்தார். உங்கள் ஊரில் என்ன என்ன மீன் கிடைக்கிறது? அதற்கு உள்ளூர்ப் பெயர் என்ன? எத்தனை பேர் மீன் பிடிக்கிறார்கள்? வலைக் கண் எவ்வளவு பெரிது? சின்ன மீனையும் பிடிக்கிறார்களா? முன்பைவிட மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

பதில்கள் மலைபோல் குவிந்தன. அதைத் தொகுத்து 1873-ம் ஆண்டு பெரிய அறிக்கை தயாரித்தார்.

அதில் தெரிந்த உண்மை வருத்தம் தருவது. மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிட ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் ஏறுகின்றன. வயலில் தண்ணீர் ஆழம் இல்லை. பெரிய மீன் வராது. குஞ்சுகள் வளர அது நல்ல தொட்டில். தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் திரும்ப ஆற்றுக்குப் போகும்.

அந்தத் திரும்பும் வழியில்தான் மடைக்கு மடை பொறி இருந்தது! கொசு வலை போன்ற கண் உள்ள வலை. மூங்கில் பொறி. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் படி படியாகப் பிடிபட்டன.

வலைக் கண்ணுக்கு அளவு வேண்டும், ஆற்றில் விஷம் கலக்கக் கூடாது என்று டே சொன்னார். ஏழைகளின் சாப்பாட்டில் சட்டம் தலையிடுவதா என்று பல அதிகாரிகள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பொடி மீன்தான் பல குடிசைகளில் அன்றைய குழம்பு. ஆனால் இன்றைக்குக் குஞ்சை எல்லாம் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் குழம்புக்கு எங்கே போவது என்பது டேயின் கேள்வி.

1897-ம் ஆண்டு இந்திய மீன் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது தடுத்தது. அப்போது டே இறந்து 8 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்ப் பெயரும் ஏறியது

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக டேயின் பெரிய புத்தகம் வெளிவந்தது. பெயர், இந்திய மீன்கள். கிட்டத்தட்ட 200 பட ஏடுகள். ஒவ்வொரு மீனின் செதிலும் முள்ளும் எண்ணிப் பார்க்கும்படி இருக்கும் படங்கள்.

விஞ்ஞானப் பெயர் லத்தீன் மொழியில் இருக்கும். அதோடு டே நிறுத்தவில்லை. தமிழில் என்ன பெயர், தெலுங்கில் என்ன, மலையாளத்தில் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

நம் மீனவர்களும் உழவர்களும் விஞ்ஞானிகளுக்கு முன்பே மீனை வகை பிரித்தவர்கள் அல்லவா! கெண்டை வேறு, கெளுத்தி வேறு, விரால் வேறு, அயிரை வேறு என்று குழந்தைக்கும் தெரியும். பனையேறிக் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1791-ம் ஆண்டு தரங்கம்பாடிப் பக்கத்தில், பனைமரத்தில் ஒரு மீன் ஏறியதைப் பார்த்ததாக டேனிஷ் பட்டாள அதிகாரி ஒருவர் எழுதினார். ஐரோப்பா வாய் பிளந்தது. இங்கே அந்த மீனுக்குப் பெயரே பனையேறி!

ஜாடிக்குள் ஒரு சோதனை

இப்போது அந்த முக்கியமான சோதனைக்கு வருவோம்.

மீன் தண்ணீரில் மூச்சு விடும். அதற்குச் செவுள் இருக்கிறது. ஆனால் விரால், பனையேறி போன்ற மீன்கள் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அது விளையாட்டா, அவசியமா?

டே கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பினார். விரால் வகை மீனை விட்டார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வலையைக் கட்டினார். மீன் நீந்தலாம். மேலே மட்டும் வர முடியாது.

மீன் மூச்சுத் திணறி இறந்தது. தண்ணீரில் வாழும் மீன், தண்ணீரிலேயே மூழ்கி இறந்தது!

அந்த வகை மீன்களுக்குத் தலையில், செவுளுக்கு மேலே, காற்றைப் பிடித்து வைக்கும் தனி அறை இருக்கிறது. மேல் காற்று இல்லாவிட்டால் அவை பிழைக்காது. மேல் காற்று கிடைத்தால், சேற்றுத் தண்ணீரிலும் பிழைக்கும்.

ஏழை வீட்டு மீன் தொட்டிக்கு வழி இங்கேதான் திறக்கிறது. இந்த வகை மீனுக்குக் காற்று அடிக்கும் பம்பு தேவை இல்லை. மின்சாரச் செலவும் இல்லை.

தையல்காரப் பெண் செய்த தொட்டி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது எப்போது வந்தது?

பிரான்ஸ் நாட்டில் ழான் வில்ப்ரே என்ற பெண் இருந்தார். ஏழை வீட்டுப் பெண். தையல் வேலை செய்தவர். கல்யாணத்துக்குப் பின் இத்தாலியின் சிசிலித் தீவில் குடியேறினார். அங்கே கடல் உயிர்களை ஆராய, 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்தார்.

1850-ல் இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் ஒரு ரகசியத்தைக் காட்டினார். தொட்டியில் நீர்ச்செடி இருந்தால், தண்ணீர் சீக்கிரம் கெடாது. செடி மீனுக்கு உதவும், மீன் செடிக்கு உதவும். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்கள் பார்க்கும் முதல் மீன் காட்சிசாலை திறந்தது. பணக்கார வீடுகளில் எல்லாம் மீன் தொட்டி நாகரிகம் ஆயிற்று.

நமக்கு அந்தப் பணச் செலவு வேண்டாம். செடியும் சின்ன மீனும் போதும்.

வளையமாதேவியில் ஒரு தொட்டி

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் பிடித்த ஒரு சின்ன மீனுக்கு, 1831-ம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி குவியே பெயர் வைத்தார். குப்பம் என்ற ஊர்ப் பெயரே, குபானஸ் என்று மீன் பெயர் ஆயிற்று!

நம் கடற்கரை மாவட்டங்களின் வயல், வாய்க்கால், குட்டைகளில் வாழும் மீன் அது. இரண்டரை அங்குலத்தைத் தாண்டாது. பழுப்பு உடம்பு. வாலில் நடுமுள் ஈட்டி போல் நீண்டிருக்கும். நல்ல மனநிலையில் இருந்தால் துடுப்பில் சிவப்பும் நீலமும் மின்னும். காற்றைக் குடிக்கும் இனம்.

இதற்கு நெருங்கிய உறவு மீன் ஒன்று கேரளத்தில் இருக்கிறது. 1908-ம் ஆண்டு அதற்குப் பெயர் வைத்த விஞ்ஞானி, டேயின் நினைவாக டேயி என்று வைத்தார்.

வளையமாதேவி போன்ற ஊரில் இருப்பவர்கள் இந்த இனத்தை வைத்துத் தொட்டி அமைக்கலாம். முறை இதுதான்.

தொட்டி: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். பழைய தொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கியதும் வெளியே வைத்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் ஒழுகுகிறதா என்று பாருங்கள். நிறைந்த தொட்டி சுமார் 70 கிலோ இருக்கும். ஆடாத பெஞ்சு மேல் வையுங்கள். தொட்டி வாங்க வசதி இல்லையா? வாய் அகன்ற சிமெண்டுத் தொட்டி போதும்.

இடம்: வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் கூடாது. வெயில் பட்டால் தண்ணீர் சுடும், பச்சைப் பாசி மண்டும்.

மணல்: ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை பத்துத் தடவை அலசுங்கள். இரண்டு அங்குல உயரம் பரப்புங்கள்.

தண்ணீர்: குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருந்தால் மீன் சாகும். ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள்.

செடி: வாய்க்காலில் வேலம்பாசி கிடைக்கும். நன்றாக அலசி, பூச்சி, நத்தை முட்டை இல்லாமல் பார்த்து நடுங்கள். காசு செலவு இல்லை.

பொறுமை: இதுதான் பலருக்கு இல்லாத பொருள். தொட்டி வைத்த அன்றே பத்து மீன் விட்டு, மூன்றாம் நாள் அத்தனையும் செத்து மிதக்கக் கண்டவர்கள் ஏராளம். காரணம் என்ன? மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகும். அதைத் தின்று தீர்க்கும் நல்ல கிருமிகள் மணலில் பெருகவேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே முதலில் செடியை நட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு இரண்டு, மூன்று மீன் மட்டும் விடுங்கள். ஒரு மாதம் சென்றபின் இன்னும் மூன்று, நான்கு சேர்க்கலாம்.

மூடி: துள்ளிக் குதிக்கும் மீன். கொசுவலையோ கம்பி வலையோ போட்டு மூடுங்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று இடைவெளி இருக்கட்டும். டேயின் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள்!

தீனி: இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. அதற்கு மேல் போட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கொசுப் புழு கிடைத்தால் அதுதான் விருந்து. அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கிக் கொசு வளர்க்க வேண்டாம்!

சுத்தம்: வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, வைத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். முழுத் தண்ணீரையும் மாற்றக் கூடாது. மணலைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. நல்ல கிருமிகள் செத்துவிடும்.

அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நாள் அதிசயம் பார்க்கலாம். ஆண் மீன் இலைக்கு அடியில் வாயால் காற்றுக் குமிழி விட்டு, நுரைக் கூடு கட்டும். பெண் மீன் இடும் முட்டையை வாயில் எடுத்து அந்தக் கூட்டில் ஒட்டும். முட்டை பொரிக்கும் வரை காவல் காக்கும். தகப்பனின் பொறுப்பைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேறு பாடம் வேண்டுமா!

விரால் குஞ்சையும் கெளுத்திக் குஞ்சையும் இதில் சேர்க்காதீர்கள். வளர்ந்ததும் மற்றதைத் தின்றுவிடும். பனையேறியும் வேண்டாம். இரவில் தொட்டியை விட்டு நடந்துவிடும்.

வாய்க்காலில் கொட்டாதீர்கள்

ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கிய வெளிநாட்டு மீன் சலித்துப் போனால், அதை வாய்க்காலிலோ ஏரியிலோ விடாதீர்கள். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று நினைத்துத்தான் பலர் விடுகிறார்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. யாரோ விட்ட அந்த மீன், இன்று தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீனுக்குப் போட்டியாக நிற்கிறது. அதன் முள்ளில் மீனவர் வலை கிழிகிறது.

லண்டனில் பகை

டே 1877-ல் இந்திய வேலையை முடித்துக்கொண்டு இங்கிலாந்தில் செல்ட்டனாம் என்ற ஊரில் குடியேறினார். முதல் மனைவி முன்பே காலமாகிவிட்டார். 1872-ல் மறுமணம் செய்திருந்தார்.

ஓய்வு பெற்றும் ஓயவில்லை. இங்கிலாந்து மீன்களைப் பற்றியும் பெரிய புத்தகம் எழுதினார்.

ஆனால் ஒரு மனக்கசப்பு. லண்டன் அருங்காட்சியகத்தில் மீன் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் குந்தர் என்ற பெரிய விஞ்ஞானி. இவருக்கும் டேக்கும் ஆகாது. டே சொன்ன மீனைக் குந்தர் மறுப்பார். குந்தர் சொன்னதை டே மறுப்பார். ஒருவர் நதிக்கரையில் நின்று மீன் பார்த்தவர். மற்றவர் ஜாடிக்குள் பார்த்தவர்.

1883-ம் ஆண்டு லண்டனில் சர்வதேச மீன் கண்காட்சி நடந்தது. இந்தியப் பகுதியை டே கவனித்தார். ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத் தலைவர் அங்கே வந்திருந்தார். டே சேர்த்த இந்திய மீன்களில் ஒரு பெரும் தொகுதி அவரிடம் போயிற்று. நம் ஆற்று மீன்கள் ஜாடிக்குள் கடல் தாண்டிச் சிட்னியில் குடியேறியது இப்படித்தான். கல்கத்தாவிலும் அவர் சேர்த்த மீன்கள் இருக்கின்றன.

1885-ல் சர்க்கார் அவருக்கு சி.ஐ.இ. பட்டம் அளித்தது.

நோயிலும் நிற்காத பேனா

கடைசிக் காலத்தில் அவரைப் புற்றுநோய் பிடித்தது. அப்போதும் ஒரு வேலையைக் கையில் வைத்திருந்தார். இந்தியா, இலங்கை, பர்மா மீன்கள் அனைத்தையும் இரண்டு பாகங்களில் சுருக்கி எழுதும் வேலை. 1,400-க்கு மேற்பட்ட மீன் இனங்கள் அதில் இடம்பெற்றன.

1889-ம் ஆண்டில் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை 10-ந் தேதி டே காலமானார். வயது 60.

அவர் எழுதியதில் சில தவறுகளைப் பிற்கால விஞ்ஞானிகள் திருத்தினார்கள். சில பெயர்கள் மாறின. ஆனால் எந்த மீன் எந்த ஆற்றில் இருந்தது என்ற அவர் கணக்குக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. ஏன் என்றால் ஆறு அப்படியே இருப்பதில்லை.

வளையமாதேவியையே பாருங்கள். 2023-ம் ஆண்டு ஜூலை மாதம், சுரங்க நிறுவனம் பரவனாற்றுக்கு மாற்றுவழி வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. தமிழ்நாடே அதைப் பார்த்துப் பேசியது. பயிருக்காகப் பேச ஆள் இருந்தார்கள். வயல் தண்ணீரில் இருந்த விரல் நீள மீனுக்குப் பேச யார் இருக்கிறார்கள்?

அதை எழுதி வைப்பது நம் வீட்டுப் பிள்ளைகளால் முடியும். தொட்டியில் ஒரு மீனை விடும்போது, ஒரு நோட்டில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். என்ன மீன், தாத்தா பாட்டி அதற்குச் சொல்லும் பெயர் என்ன, எந்த வாய்க்காலில் கிடைத்தது, எந்த மாதம் கிடைத்தது. பிரான்சிஸ் டேயும் இப்படித்தான் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை அது. செலவு, ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்!